பாமாயில் பாலியோல் நுரை கெட்டுப்போனால்: அறிகுறியைப் பார்த்துக் குறையைப் பிடிக்கும் வழி

பெஸ்தாரி ஜெயாவில், பழையவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரில், செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பாலியோலை டிரம்மாக வாங்கி, அதோடு வினைபுரியும் எம்டிஐ என்னும் ஐசோசயனேட் இரசாயனம் சேர்த்து, கெட்டிப் பாலியூரித்தேன் நுரை ஊற்றும் சிறு பட்டறை எங்களுடையது. பாசிர் பெனாம்பாங், தஞ்சோங் காராங் பக்கத்து மீன்காரர்களின் ஐஸ் பெட்டிக்கு இரட்டைச் சுவர் இடையே நிரப்புவதுதான் முக்கிய வேலை. நுரை கெட்டால் அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சொல்வது ஒன்றுதான்: "பாமாயில் சரக்கே சரியில்லை அண்ணே, பழைய பெட்ரோலிய பாலியோலுக்கே போயிடலாம்." 1917-இல் இதே வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. அந்த எண்ணெயிலிருந்து வந்த சரக்கைத் தீர விசாரிக்காமல் ஒதுக்குவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். பெரும்பாலும் குறை எண்ணெயில் இல்லை. கலக்காத டிரம், ஈரம், தவறான நிறுவை, இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கிறது.

கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவு கூடியது கடைசியில் வரும். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எந்தக் குறைக்கும் முதலில்: கோப்பைச் சோதனை

0.1 கிராம் காட்டும் தராசு, வெப்பமானி, கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரம், காகிதக் கோப்பை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். டிரம்மை நன்றாகக் கலக்கி 50 கிராம் பாலியோல் எடுங்கள். சப்ளையர் தாளில் உள்ள விகிதப்படி எம்டிஐ நிறுத்து ஊற்றி, தாள் சொல்லும் விநாடிகள் வரை வேகமாகக் கலக்குங்கள். பிறகு மூன்று நேரங்களைக் குறியுங்கள்: வெளுத்துப் பொங்கத் தொடங்கும் நேரம், குச்சியால் தொட்டால் நூலிழுக்கும் நேரம், விரலில் ஒட்டாமற்போகும் நேரம். புது டிரம் வந்த அன்றே இதைச் செய்து எழுதி வைத்தவர்களுக்குப் பின்னால் பாதி வேலை மிச்சம். ஒப்பிட எண்ணே இல்லையென்றால் எந்தக் குறையையும் ஊகித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

சோதனையாக இருந்தாலும் கையுறை, கண்ணாடி, கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த முகக்கவசம் வேண்டும். கதவும் சன்னலும் திறந்திருக்க வேண்டும்.

அறிகுறி: நுரை எழும்பவில்லை, அல்லது பாதியில் நின்றுவிட்டது

முதலில் டிரம்மைப் பாருங்கள். எண்ணெயில் செய்த பாலியோலுக்கு நீரோடு ஒட்டுறவு குறைவு. சப்ளையர் கலந்து அனுப்பிய நீர் (எம்டிஐயோடு சேர்ந்து வாயுவாகி நுரையை எழுப்புவது), கேட்டலிஸ்ட் (வினையை விரைவுபடுத்துவது), சிலிக்கோன் (குமிழி உடையாமல் காப்பது) எல்லாம் சும்மா நிற்கும் டிரம்மில் மெல்லப் பிரிந்துவிடும். மேலிருந்து எடுத்தால் ஒரு குணம், அடியிலிருந்து எடுத்தால் வேறொரு குணம். அடியில் வெள்ளைக் கலங்கல் படிந்திருந்தால் அது பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்புப் பகுதி. பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு அமிலம்தான், இரவு மழையில் குளிர்ந்தால் அது கலங்கும். கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிட வேண்டாம்.

கலங்கியிருந்தால் டிரம்மை வெந்நீர்த் தொட்டியிலோ சூடேற்றும் பட்டையிலோ 35–40 டிகிரிக்குக் கொண்டுவந்து, அடி வரை எட்டும் துடுப்பால் கலக்கிவிட்டு, மறுபடி கோப்பைச் சோதனை செய்யுங்கள். ஒரே விலக்கு உண்டு: கலவையில் பென்டேன் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள் இருப்பதாகத் தாளில் இருந்தால் சூடேற்றவே கூடாது. சப்ளையரை அழையுங்கள்.

தெளிவாக இருந்தும் எழும்பவில்லையென்றால் தராசைப் பாருங்கள். தெரிந்த எடையுள்ள பொருளை வைத்துப் பார்த்தால் போதும். அடுத்தது கேட்டலிஸ்ட். வெள்ளீய வகையைச் சேர்ந்த ஸ்டேனஸ் ஆக்டோயேட், மூடி திறந்து ஈரக்காற்று பட்டால் வலு இழந்துவிடும். அமீன் வகை அவ்வளவு சீக்கிரம் கெடாது. புதுக் குப்பியிலிருந்து சில துளி சேர்த்துக் கோப்பையில் மட்டும் சோதித்துப் பாருங்கள். சரியானால் குப்பியை மாற்றுங்கள்.

இதுவும் இல்லையென்றால் பாலியோலின் அமில எண்ணை, அதாவது அதில் எஞ்சிய அமிலத்தின் அளவைச் சந்தேகிக்க வேண்டும். எண்ணெயைப் பாலியோலாக்கும் வழியில் முதலில் எப்பாக்சி ஆக்கும்போது சேர்த்த அமிலம் சரியாகக் கழுவப்படாமல் எஞ்சியிருந்தால், அது அமீன் கேட்டலிஸ்டைச் செயலிழக்கச் செய்துவிடும். அதை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தொகுதியின் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். தரத் தயங்கினால் ஓர் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள். பாமாயில் பாலியோலை நீண்ட காலமாக ஆராய்ந்துவரும் இடம் பண்டார் பாரு பாங்கியில் இருக்கும் மலேசிய பாமாயில் வாரியம். யாரிடம் போவது என்ற ஆலோசனையை அங்கே கேட்கலாம்.

அறிகுறி: நன்றாகப் பொங்கி, பிறகு அமுங்கிவிட்டது

எழும்பும் வேகத்துக்கு ஈடாகக் கெட்டிப்படவில்லை என்று பொருள். பாமாயில் பாலியோலில் ஐசோசயனேட்டோடு சேரும் இடங்கள் சங்கிலியின் நடுவில் இருப்பதால் வினை கொஞ்சம் மெதுவாகவே நடக்கும். பெட்ரோலிய பாலியோலுக்கு எழுதிய அளவுகளை அப்படியே போட்டால் இந்த அமுங்கல் வரும்.

டிரம்மைக் கலக்கினீர்களா? கலக்கவில்லையென்றால் சிலிக்கோன் மேலேயோ கீழேயோ நிற்கிறது. கலக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

அச்சுக்கு மெழுகு பூசினீர்களா? அதிகம் பூசினால் மெழுகு பட்ட இடத்தில் நுரையின் சுவர் உடையும். கோப்பையில் நன்றாக வந்து அச்சில் மட்டும் அமுங்கினால் குறை மெழுகில்தான். துணியால் துடைத்து, மெல்லிய படலம் மட்டும் விட்டு ஊற்றுங்கள்.

கோப்பையிலும் அமுங்குகிறதா? கெட்டிப்படுத்தும் கேட்டலிஸ்டைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதை நோட்டில் எழுத வேண்டும். அப்படியும் சரியாகாவிட்டால் சிலிக்கோன் வகையை மாற்ற வேண்டியிருக்கும். அதை நீங்களே ஊகித்து வாங்காதீர்கள். சப்ளையரின் தொழில்நுட்ப ஆளை அழைத்து, உங்கள் நோட்டைக் காட்டுங்கள்.

அறிகுறி: காலையில் சரி, மதியம் கெடுகிறது

துத்தநாகக் கூரைக்கு அடியில் இருக்கும் எல்லாப் பட்டறைக்கும் வரும் குறை இது. காலையில் 26 டிகிரியில் இருந்த டிரம் மதியம் 35 ஆகிவிடுகிறது, வினை விரைகிறது, கலக்கி முடிப்பதற்குள் பொங்கத் தொடங்குகிறது. சரக்கில் எந்தக் குறையும் இல்லை. டிரம்மை நிழலுக்கு, சிமெண்டுத் தரையில் மரப்பலகை போட்டு நகர்த்துங்கள். ஊற்றும் முன் பாலியோல், எம்டிஐ இரண்டின் வெப்பத்தையும் அளந்து நோட்டில் குறியுங்கள். காலை 7 முதல் 11 வரை ஊற்றி, மதியம் அறுத்து ஒட்டும் வேலையை வைத்துக்கொண்டால் பல பட்டறைகளில் இந்தக் குறை அதோடு நின்றுவிடும்.

அறிகுறி: அன்று நன்றாக இருந்தது, இரண்டாம் நாள் சுருங்கிவிட்டது

ஐஸ் பெட்டிக்காரர்களுக்கு அதிகம் நட்டம் தரும் குறை இதுதான், ஏனென்றால் பெட்டி வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகு தெரியவரும். மூடிய குமிழிக்குள் இருக்கும் கரியமில வாயு மெல்ல வெளியேறும், காற்று அவ்வளவு வேகமாக உள்ளே வராது. குமிழிச் சுவருக்கு வலு இருந்தால் தாங்கும், இல்லாவிட்டால் உள்வாங்கும். பாமாயில் பாலியோலில் வினைபுரியாமல் தொங்கி நிற்கும் கொழுப்புச் சங்கிலிகள் நுரையை இளக்குகின்றன, அதனால் அடர்த்தியில் கஞ்சத்தனம் செய்தால் இங்கே சீக்கிரம் மாட்டிக்கொள்வோம்.

முதல் சோதனை அடர்த்தி. நடுப்பகுதியிலிருந்து 10 சென்டிமீட்டர் கனசதுரம் வெட்டி நிறுத்துப் பாருங்கள். வரும் கிராம் எண்தான் கனமீட்டருக்குக் கிலோ. 38 கிராம் என்றால் 38 கிலோ. இரட்டைச் சுவருக்குள் ஊற்றும் கெட்டி நுரைக்கு 35 முதல் 45 வரை சாதாரணம். 30-க்குக் கீழே போயிருந்தால் வேறு காரணமே தேட வேண்டாம், நிரப்பும் அளவைக் கூட்டுங்கள்.

அடர்த்தி சரியாக இருந்தால் எம்டிஐ அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். இது கடினமான கணக்கில்லை. 56,100-ஐப் பாலியோலின் ஹைட்ராக்சில் எண்ணால் (எம்டிஐயோடு சேரும் இடங்களின் அளவு) வகுத்தால் அதன் சமான எடை வரும். எண் 300 என்றால் 187. 100 கிராம் பாலியோலை 187-ஆல் வகுத்தால் 0.535. கலவையில் 2 கிராம் நீர் இருந்தால் அதை 9-ஆல் வகுக்க 0.222. கூட்டினால் 0.757. பாலிமெரிக் எம்டிஐயின் சமான எடை சுமார் 135, பெருக்கினால் 102 கிராம். கெட்டி நுரைக்கு இதைவிட 5 முதல் 15 விழுக்காடு கூடுதலாகப் போடுவது வழக்கம், அதாவது 107 முதல் 117 கிராம். நீங்கள் 95 கிராம் ஊற்றிக்கொண்டிருந்தால் சுருக்கத்தின் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

இரண்டும் சரியென்றால் அச்சின் சூடு. மழை நாளில் குளிர்ந்த பிளாஸ்டிக் சுவர் நுரையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஓரம் முழுதாக முதிராது. பெட்டியை வெயிலிலோ வெந்நீரிலோ 40 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டு ஊற்றுங்கள்.

இதற்கு மேலும் சுருங்கினால் கிளிசரால் போன்ற, சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்கிணைப்பான் சேர்க்க வேண்டியிருக்கும், அதோடு எம்டிஐயும் கூடும். இந்த மாற்றத்தைச் சப்ளையரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்யுங்கள். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் முன் ஒரு கட்டியை ஒரு நாள் உறைபெட்டியில் வைத்து முன்னும் பின்னும் அளவெடுங்கள். 2 விழுக்காட்டுக்கு மேல் மாறினால் அந்தக் கலவையில் பெட்டி செய்யாதீர்கள்.

அறிகுறி: விரலில் ஒட்டுகிறது, உள்ளே மெத்தென்று இருக்கிறது

விகிதம், கலக்கல், சூடு, இந்த வரிசை. எம்டிஐ குறைந்தால் முழுக்கட்டியும் ஒரே மாதிரி ஒட்டும். ஓரிடத்தில் மட்டும் ஒட்டி இன்னோரிடத்தில் கண்ணாடிபோல் கெட்டியாக இருந்தால் கலக்கல் போதவில்லை. வாளியின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள், பொங்கத் தொடங்கும் முன் முடித்துவிடுங்கள். துளையிடும் இயந்திரத்தில் பொருத்தும் கலக்கி இருந்தால் கையால் கலக்குவதை நிறுத்திவிடலாம், அந்தச் சில வெள்ளிச் செலவு வீண்போகாது. மறுநாளும் ஒட்டினால் அந்தக் கட்டியைக் காப்பாற்ற முடியாது.

அறிகுறி: நொறுங்குகிறது, தேய்த்தால் பொடியாகிறது

இங்கேதான் ஈரம் வருகிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம், ஆண்டுக் கடைசி மழையில் சொல்லவே வேண்டாம். மூடி திறந்த டிரம்மும் கிளிசரால் புட்டியும் அதை இழுத்துக்கொள்ளும். 100 கிராம் பாலியோலில் அரை கிராம் நீர் ஏறினாலும் 7.5 கிராம் எம்டிஐயை அது எடுத்துக்கொண்டுவிடும். பாலியோலுக்குப் போய்ச்சேர வேண்டிய எம்டிஐ நீரோடு சேர்ந்து யூரியாவாகிறது, நுரையும் பொடிப்பொடியாகிறது.

சோதனை எளிது. ஓர் இரும்புத் தட்டை 150 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, கண்ணாடி அணிந்து, ஒரு துளி பாலியோல் விடுங்கள். சடசடவென்று தெறித்தால் நீர் இருக்கிறது. சப்ளையரே நீர் கலந்து அனுப்பும் கலவைக்கும், பென்டேன் உள்ள கலவைக்கும் இந்தச் சோதனை செல்லாது. கலக்காத தனிப் பாலியோல் வாங்குபவர்களுக்கு மட்டும்தான்.

ஈரம் தெரிந்தால் 3ஏ வகை மூலக்கூறு சல்லடைக் குருணையை உலர்த்தி, பாலியோலில் போட்டு மூடி வையுங்கள். ஓரிரு நாளில் ஈரத்தை இழுத்துவிடும். வெற்றிடத் தொட்டியில் சூடேற்றி உலர்த்துவது வேகமானது, ஆனால் அதற்குக் கருவி வேண்டும். மாதம் ஒரு டிரம் பயன்படுத்தும் பட்டறைக்கு அது வேண்டாம். அதைவிட மூடியில் சிலிக்கா ஜெல் குழாய் பொருத்திவிடுவது மலிவு.

ஈரம் இல்லையென்றால் எம்டிஐ அதிகம் போயிருக்கும். மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

அறிகுறி: பெரிய ஓட்டைகள்

அச்சுக்குள் நீர்த்துளி, காற்றை அடித்துக் கலக்கியது, ஊற்றும் உயரம். முதல் இரண்டைச் சரிசெய்தால் பெரும்பாலும் போய்விடும். காற்றோட்டத் துளை இல்லாத மூலையில் மட்டும் ஓட்டை வந்தால் அந்த மூலையில் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள்.

அறிகுறி: பெட்டியின் சுவரை விட்டு நுரை விலகுகிறது

பெட்டி பாலிஎத்திலீன் என்றால் நுரை இயல்பாகவே பிடிக்காது. கழுவினாலும் பிடிக்காது. உள்சுவரை உப்புத்தாளால் தேய்ப்பது கொஞ்சம் உதவும். நீலச் சுடரை வேகமாக ஓட்டி மேற்பரப்பைப் பதப்படுத்துவதுதான் சரியான வழி. அதைப் பழகியவர் செய்ய வேண்டும், பாலியோலும் எம்டிஐயும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கண்ணாடியிழைப் பெட்டியில் விலகினால் காரணம் பெரும்பாலும் ஈரம் அல்லது மெழுகு, சோப்பு நீரில் கழுவி முழுக்கக் காயவைத்தால் தீரும்.

அறிகுறி: நடுவில் பழுப்பு நிறம், கருகல் வாசனை

வேலையை நிறுத்துங்கள். தடித்த கட்டியின் நடுவில் வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும், ஊற்றிப் பல மணி நேரம் கழித்தும் தீப்பிடிக்கலாம். கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். புகை இல்லையென்றால் கட்டிகளைத் திறந்தவெளிக்கு, சுவரையும் செம்பனைக் காய்ந்த மட்டையையும் விட்டுத் தள்ளிக் கொண்டுபோய்ப் பிரித்து வையுங்கள். சூடாக இருக்கும்போது நடுவில் வெட்டாதீர்கள், காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும். புகை தெரிந்தால் தொடவே வேண்டாம், எல்லாரையும் வெளியேற்றி 999-ஐ அழையுங்கள். எரியும் நுரையின் புகையில் ஹைட்ரஜன் சயனைடு இருக்கும்.

ஆபத்து நீங்கிய பிறகு காரணம் தேடலாம்: ஒரே தடவையில் ஊற்றிய தடிமன், அதிக நீர், அதிக கேட்டலிஸ்ட். வாளியில் மிச்சமாகும் கலவையும் இதே மாதிரி சூடேறும். மிச்சத்தை இரவில் பட்டறைக்குள் விட்டுப் போகாதீர்கள்.

அறிகுறி: எம்டிஐ டிரம்மில் தோல், அல்லது டிரம் உப்பியிருக்கிறது

மேலே தோல் கட்டியிருந்தால் ஈரம் பட்டிருக்கிறது. தோலை எடுத்துவிட்டு, வடிகட்டி, கோப்பையில் சோதியுங்கள். சரியாக வந்தால் அன்றே பயன்படுத்தித் தீருங்கள்.

டிரம் உப்பியிருந்தால் கைவைக்காதீர்கள். உள்ளே நீர் போய்க் கரியமில வாயு சேர்ந்திருக்கிறது, மூடி பீரங்கிபோல் பறக்கும். திறக்காமல், வெயில் படாத இடத்தில் ஆளில்லாமல் விட்டு, சப்ளையரை அழையுங்கள். நீர் பட்ட எம்டிஐயைக் காலி டிரம்மில் ஊற்றி இறுக்கி மூடுவதும் இதே ஆபத்துதான்.

கொட்டிய எம்டிஐயை மணலாலோ மரத்தூளாலோ மூடி, சலவைச் சோடா கரைத்த சோப்பு நீர் ஊற்றி, மூடாத வாளியில் 2 நாள் வையுங்கள். கால்வாயில் விடவோ தோட்டத்தில் எரிக்கவோ கூடாது. காலி டிரம் சட்டப்படி அட்டவணைக் கழிவு, உரிமம் பெற்றவரிடம் மட்டும் ஒப்படைக்க வேண்டும்.

அறிகுறி: வேலை செய்பவருக்கு இருமல், நெஞ்சு இறுக்கம், மாலையில் மூச்சிரைப்பு

இதை நுரையின் குறைகளோடு சேர்த்து எழுதக் காரணம் இருக்கிறது. மனிதருக்கு வரும் அறிகுறியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஈரக்காற்று என்று சொல்லிவிட்டு மறுநாளும் வேலைக்கு வருகிறார்கள். ஐசோசயனேட் மூச்சுக்குழாயை ஒவ்வாமைக்கு ஆளாக்கும். ஒருமுறை ஆளானவருக்குப் பிறகு மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும்.

அவரை அன்றே அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் உடனே மருத்துவமனை, 999. இல்லாவிட்டாலும் தொழில்சார் சுகாதார மருத்துவரிடம் அனுப்பி, எம்டிஐயின் பாதுகாப்புத் தாளையும் கூட அனுப்புங்கள். 2000-ஆம் ஆண்டின் இரசாயன விதிமுறைப்படி வேலை இடத்தின் இரசாயன ஆபத்தை மதிப்பிட வேண்டியது முதலாளியின் கடமை. முகக்கவசத்தின் வடிகட்டியை எப்போது மாற்றினோம் என்று தேதி எழுதாத பட்டறைகளில் முதலில் அதைச் செய்யுங்கள்.

பாலியோலைச் சொந்தமாகக் காய்ச்சுபவர்களுக்கு

செலவைக் குறைக்க, பாமாயிலின் திரவப் பகுதியான ஓலீனில் ஹைட்ரஜன் பெராக்சைடும் பார்மிக் அமிலமும் ஊற்றிக் கொட்டகையில் காய்ச்சிப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அந்த வினை தானாகவே சூடேறும், குளிர்ச்சி தவறினால் தொட்டி வெடிக்கும். கல்லூரி ஆய்வகத்தில் கண்காணிப்போடு சிறு அளவில் செய்பவர்களுக்கு மட்டும் இந்தக் குறிப்புகள்.

வெப்பம் தானாக 60 டிகிரியைத் தாண்டுகிறது: பெராக்சைடு ஊற்றுவதை நிறுத்தி, முழுக் குளிர்ச்சி கொடுங்கள். குறையவில்லையென்றால் அறையை விட்டு வெளியேறிப் பொறுப்பாளரை அழையுங்கள்.

ஆக்சிரேன் (எப்பாக்சி வளையம்) அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு: அயோடின் எண் (இரட்டைப் பிணைப்புகளின் அளவு) 56 உள்ள ஓலீனுக்குக் கணக்குப்படி உச்சமே 3.4 விழுக்காடு. சோயா எண்ணெயின் எண்ணோடு ஒப்பிட்டுக் கவலைப்படுபவர்கள் அதிகம், அது ஒப்பிடக்கூடிய எண் இல்லை. 3.4-ஐவிட மிகவும் குறைந்தால் பெராக்சைடு பழையதா என்று பாருங்கள், அதன் செறிவு நாளாக நாளாக இறங்கும். அதுவும் சரியென்றால் அமிலம் அதிகமாகி வளையம் முன்கூட்டியே திறந்திருக்கும்.

கழுவிய பிறகும் லிட்மஸ் சிவக்கிறது: சோடியம் பைகார்பனேட் கரைசலில் ஒருமுறை, பிறகு வெந்நீரில் கழுவுநீர் நடுநிலையாகும் வரை. நுரை கட்டிப் பிரியாமல் நின்றால் உப்புநீர் சேருங்கள், பிரியும். அதற்குப் பிறகு வெற்றிடத்தில் உலர்த்தி, அமில எண் பார்த்துவிட்டுத்தான் எம்டிஐ பக்கம் கொண்டுபோக வேண்டும்.